சின்னக் குழாய்ப் பிழை

மக்டலீனுக்கு அந்த ஐஸ்பெட்டியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மீன் போட்டுப் பழுதாகிப்போன பழைய பெட்டி. மூடி இல்லை. ஒரு பக்கம் வெடித்து, உள்ளேயிருந்த வெள்ளைத் தக்கை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. யோசப்பின் அதைத் தன்னுடைய படலைக்கு வெளியே, வேலியோடு கவிழ்த்துப் போட்டிருந்தாள். போகிற வருகிற ஆடு ஏறி நிற்கும். காகம் எச்சம் போடும். அப்படியொரு குப்பைக்கு மேலேதான் தன்னுடைய புருசன் கிறகோரி ஒவ்வொரு நாள் காலையும் குந்தியிருக்கிறான் என்று கேள்விப்பட்ட நேரத்திலிருந்து அவளுக்குச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை.

சொன்னவன் ஜெரிசன். கொழும்புத்துறையில் ஓட்டோ ஓடுகிறவன். ஓட்டோவுக்குப் பிறேக் இருக்கிறது, அவனுடைய வாய்க்கு இல்லை. நண்டுக் கம்பனிக்கு வேலைக்குப் போன மக்டலீனை ஏற்றிக்கொண்டு போகும்போது, கண்ணாடிக்குள்ளால் அவளைப் பார்த்துச் சிரித்தபடி, மாமா இப்போது நல்ல சுகம்போல, யோசப்பினக்கா வாசலில் இருந்து காற்று வாங்குகிறார் என்றான். அதோடு விட்டானா? பெரிய வீட்டில் சாப்பாடு, சின்ன வீட்டில் இளைப்பாறல் என்று கரையில் பகிடி பண்ணுகிறார்கள் என்பதையும் சேர்த்துவிட்டான். யோசப்பினுடையது மெய்யாகவே சின்ன வீடுதான். வீட்டுத்திட்டத்தில் கட்டிக் கொடுத்த ஓர் அறையும் குசினியும். அவன் அதை வைத்துத்தான் சொன்னான். ஆனால் சின்ன வீடு என்கிற சொல் ஒரு பெண்சாதியின் காதில் எப்படி விழும் என்று அந்த விசரனுக்கு யார் எடுத்துச் சொல்வது?

அன்றைக்குக் கம்பனியில் அவளுக்கு வேலை ஓடவில்லை. அவித்த நண்டு மலைபோல மேசையில் கிடந்தது. ஓட்டைக் கழற்றி, செவுள் பூவை எறிந்து, நடுவிலிருக்கிற சதையை உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும். அதில் மக்டலீனின் கை பேர்போன கை. அன்றைக்கு எடுத்ததெல்லாம் தூளாக வந்தது. தட்டுக்குள் ஓட்டுத் துண்டு கிடக்கிறது என்று மேற்பார்வைப் பெட்டை வந்து சொல்லிவிட்டுப் போனாள். சொல்லிப்போட்டுப் போ, உனக்கென்ன, உன்னுடைய மனுசன் ஐஸ்பெட்டியிலா இருக்கிறான் என்று மக்டலீன் மனதுக்குள் திட்டினாள். வாய்க்கு மேலே கட்டியிருந்த துணிக்குள் மூச்சு அனலாக வந்தது.

கிறகோரிக்கு நெஞ்சு நோ வந்தது மாசி மாதத்தில். மகன் பிரகாசோடு ஆழமில்லாத களங்கடலில் நண்டு வலை இழுத்துக்கொண்டிருந்தவனுக்கு, அந்தக் குளிரிலும் வேர்த்து ஊற்றியது. வாய்வு என்று நினைத்துச் சோடா குடித்தான். வலையை முழுக்க ஏற்றாமல் திரும்ப மாட்டேன் என்று பிடிவாதமும் பிடித்தான். கரைக்கு வந்து, பிரகாஸ் அவனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது நேரம் நன்றாகப் பிந்திவிட்டது. கைக் குழாய் வழியாக வயரை விட்டு, அடைத்த குழாயைத் திறந்து, ஸ்ரென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு விடும்போது ஒரு பெண் டொக்டர் மக்டலீனைக் கூப்பிட்டு இருத்தி விளக்கமாகச் சொன்னாள்.

“பெரிய குழாயிலை ரத்தம் இப்ப நல்லா ஓடுது அம்மா. ஆனா அதை அடைச்ச கட்டி உடைஞ்சு கீழை போய், சின்னச் சின்னக் குழாயளைப் பழுதாக்கிப் போட்டுது. அதுகள் மயிர் மாதிரி. அதுகளுக்குள்ளை ஸ்ரென்ட் வைக்கேலாது. இவரின்ரை ரத்தத்துக்கும் உறையிற குணம் கொஞ்சம் கூட. அதாலை குளிசை ஒரு நாளும் தவறப்படாது. நடக்கேக்கை நெஞ்சு இறுகினால் நடையை விட்டு அந்த இடத்திலையே குந்தி இருந்திடோணும். நாக்குக்குக் கீழை வைக்கிற குளிசை தாறம், அதை வைச்சுக்கொண்டு இருக்கோணும்.”

மக்டலீன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். பெரிய குழாய் சரி என்றது காதுக்குள் முழுசாகப் போனது. சின்னக் குழாய் என்றதும் மனம் ஆறுதலாகிவிட்டது. பெரியது திறந்தாயிற்று, இனிச் சின்னதில்தானே பிழை! சின்னது சின்னதுதானே! அன்றிலிருந்து சுகம் விசாரிக்க வந்த சனத்துக்கெல்லாம் அவள் ஒரே பாட்டுத்தான் பாடினாள். கர்த்தர் காப்பாற்றிப் போட்டார், பெரிசெல்லாம் சரி, ஏதோ சின்னக் குழாய்ப் பிழை ஒன்றுதான் மிச்சம். வந்தவர்களும் அப்பாடா என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

குளிசை விசயத்தில் மட்டும் அவளைக் குறை சொல்ல முடியாது. ரத்தம் உறையாமல் இருக்கிற குளிசையைக் காலையில் தன்னுடைய கையாலேயே எடுத்து, தண்ணீரோடு நீட்டி, அவன் விழுங்குகிற வரைக்கும் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிரகாஸ் கொடுக்க வந்தாலும் விடமாட்டாள். சொதிக்கு உப்புக் குறைத்தாள். பொரியலை நிறுத்தினாள். அவன் சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சாப்பாடு வீட்டுக்கும் வந்திட்டுதே என்பான். அவளுக்கு அது பெருமையாக இருக்கும். அந்த உயிர் தன்னுடைய கைக்குள் இருக்கிறது என்கிற பெருமை.

வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு நாள், கிணற்றடியில் நின்றவன் நெஞ்சு கொஞ்சம் இறுகுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னான். அவ்வளவுதான். மக்டலீன் தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டாள். அழுகையென்றால் அப்படி ஒரு அழுகை. வேலைக்குப் போகவில்லை, உலை வைக்கவில்லை. பிரகாசைக் கூப்பிட்டு, வள்ளத்தை விற்றுப்போடு, உங்கள் அப்பா இனிக் கரைப்பக்கமே போகக்கூடாது, கொக்குவிலில் சின்னம்மா வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறேன் என்று நின்றாள். கடல் தெரியாத ஊரில் என்னைக் கொண்டுபோய்ச் சாக்காட்டப் போகிறாயா என்று கேட்டான் கிறகோரி. அதற்குப் பிறகு அவன் நெஞ்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. நோகுதோ என்று கேட்டால் சிரிப்பான். நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசைப் போத்தல் மாதா படத்தடியில் நிறைய நிறைய அப்படியே இருந்தது. அதைக் குலுக்கிப் பார்க்கும்போதெல்லாம் மக்டலீன் நன்றி சொல்லிச் சிலுவை போட்டுக்கொள்வாள்.

கடலுக்குத்தான் போகக்கூடாது, கரைக்குப் போகலாம்தானே என்று கேட்டுக்கேட்டு, ஒரு வழியாகக் கரைக்குப் போகத் தொடங்கினான். பிரகாஸ் வலையோடு வந்து இறங்கினால், வாடிக் கொட்டிலுக்குள் மற்றவர்களோடு இருந்து நண்டு கழற்றுவான். நண்டின் காலும் முறியக்கூடாது, வலையின் கண்ணும் அறக்கூடாது. அது இருந்து செய்கிற வேலை, அவனுக்குப் பிடித்த வேலை. வீட்டிலிருந்து வாடிக்கு ஒரே ஒழுங்கை, நேரே தெற்கே போகும். அந்த ஒழுங்கையின் நடுவில்தான் யோசப்பினின் வீடு.

யோசப்பின் யார் என்று சொல்லாவிட்டால் மக்டலீனின் எரிச்சல் விளங்காது. அவள் கிறகோரியின் தாய்மாமன் மகள். மச்சாள், கட்டுகிற முறை. தொண்ணூற்றைந்துச் சண்டையில் ஊரே எழும்பி ஓடுவதற்கு முன்னர் இரண்டு வீட்டிலும் அந்தக் கதை இருந்தது. ஓடின ஓட்டத்தில் யோசப்பின் வீட்டார் வன்னிக்குப் போனார்கள், கிறகோரி வீட்டார் திரும்பி வந்தார்கள். கிறகோரி குருநகரில் மக்டலீனைக் கட்டினான். யோசப்பின் அங்கே ஒருவனைக் கட்டி, சண்டை முடிந்தபிறகு அவனோடு ஊருக்கு வந்து, அவனையும் நெஞ்சு நோவுக்குப் பறிகொடுத்துவிட்டு, இப்போது தையல் மெசினோடு தனியே இருக்கிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் தைப்பாள். யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்தவள் இல்லை. மக்டலீனை வாய்நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அதுதான் மக்டலீனுக்கு இன்னும் பிடிக்காது. கெட்டவள் என்றால் நாலு பேச்சுப் பேசிவிட்டுப் போகலாம், நல்லவளை என்ன செய்கிறது?

கம்பனியால் வந்த கையோடு மக்டலீன் கேட்டாள், நண்டு மணக்கிற கையைக்கூடக் கழுவவில்லை.

“இண்டைக்குக் கரைக்குப் போகேக்கை எங்கையும் நிண்டனீங்களோ?”

“எங்கை நிக்கிறது? நேரை போனனான்.”

பச்சைப் பொய். கல்யாணம் கட்டிய காலத்திலிருந்து குடித்துவிட்டு வந்தாலும் குடித்தேன் என்று சொல்கிறவன் அவன். அந்த வாயால் இப்படி ஒரு பொய் வந்துவிட்டதே! அதற்குப் பிறகு அவளுக்குக் கண் சும்மா இருக்கவில்லை. கரைக்குப் போக என்னத்துக்கு முகம் வழிக்கிறான்? என்னத்துக்குத் தோய்த்த சேட்டுப் போடுகிறான்? வந்தவனின் வாயில் இஞ்சி மணந்தது. வீட்டில் இஞ்சித் தேத்தண்ணி போட்டால் தொண்டை எரிகிறது என்று தள்ளி வைக்கிறவனுக்கு வெளியில் அது இனிக்கிறதாக்கும்!

பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் பின்னேரம் கடைக்குப் போகிற மாதிரிப் போய்ப் பார்த்தாள். ஐஸ்பெட்டிக்கு மேலே ஒரு மெத்தை கிடந்தது. தைத்து மிஞ்சிய வெள்ளைத் துணித் துண்டுகளை ஒட்டி, உள்ளே பஞ்சு வைத்து, நாலு பக்கமும் கரை மடித்துத் தைத்த மெத்தை. வெடித்த பக்கத்து விளிம்பு குத்தாமல் இருக்க அந்த இடத்தில் மட்டும் இரண்டு மடிப்பு. மக்டலீன் அதைத் தொட்டுப் பார்த்தாள். தையல் நேராக, நெருக்கமாக, ஆசையாகத் தைத்த தையலாக இருந்தது. தன்னுடைய மனுசன் எந்தப் பக்கமாகச் சரிந்து இருப்பான் என்று இன்னொருத்தி பார்த்து வைத்திருக்கிறாள். உள்ளே மெசின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டு நாலு கேட்போமா என்று நினைத்தாள். கடைக்கும் போகாமல் திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிறகோரியைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஓட்டோவில்தான் போனார்கள். வள்ளம் மணலில் ஏற்றிக் கிடந்தது. அந்தப் பக்கத்துக் கடல்தொழிலாளருக்குள் ஒரு வழக்கம் உண்டு. வள்ளத்தின் மூக்கை அணியம் என்பார்கள். சிலுவை கீறி மாலை கட்டுகிற இடம் அது. அணியத்தில் கைவைத்து ஒரு சொல் சொன்னால் அதை மீறமாட்டார்கள். மீறினால் சொன்னவனுக்கு ஒன்றும் வராது, அந்த வள்ளத்தில் போகிறவனுக்குத்தான் வரும் என்று பயம். இப்போது அந்த வள்ளத்தில் போகிறவன் பிரகாஸ். மக்டலீன் அதெல்லாம் யோசித்துத்தான் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“கையை வையுங்கோ. யோசப்பின்ரை படலையடியிலை நிக்கமாட்டன், இருக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ.”

கிறகோரி அவளை ஒருமுறை பார்த்தான், கடலை ஒருமுறை பார்த்தான்.

“மக்டா, ஏன் நிக்கிறன் எண்டு ஒருக்கால் கேளன்.”

“எனக்குத் தெரியும் ஏனெண்டு. ஊருக்கே தெரியும். கையை வையுங்கோ.”

“உனக்குத் தெரியாது.”

“என்ரை பிள்ளை போற வள்ளம் இது. இதிலை கைவைக்கப் பயமெண்டால் அங்கை ஏதோ இருக்குத்தானே?”

அவன் அணியத்தடிக்குப் போனான். கையை வைத்தான். அவள் சொல்லச் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கண்டதும் மக்டலீனுக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து, உப்புக் கொஞ்சம் கூடப் போட்டு, அவனுக்குப் பிடித்த திரளி மீன் குழம்பு வைத்தாள்.

அடுத்த நாள் சோளகம் தொடங்கிவிட்டது. தெற்கிலிருந்து அடிக்கிற காற்று விடியவே ஒழுங்கைக்குள் புகுந்து, வேலித் தகரத்தையெல்லாம் படபடவென்று அடித்தது. புழுதி கண்ணைத் திறக்கவிடவில்லை. கரைக்குப் போகிறவனுக்கு அது நெஞ்சில் அடிக்கிற காற்று. இன்றைக்குப் போகாமல் விடுங்கோவன் என்று மக்டலீன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்குச் சத்தியம் பலிக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. கம்பனிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, அவன் போனதும் சீலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, வேலியோடு வேலியாகப் பின்னாலே போனாள்.

அவன் குனிந்து நடந்தான். சேட்டு முதுகில் பந்தாக ஊதி நின்றது. கொஞ்சத் தூரம் போனதும் நடை பிந்தியது. பிறகு இன்னும் பிந்தியது. ஒரு கையால் வேலிக் கதியாலைப் பிடித்தான், விட்டான், அடுத்த கதியாலைப் பிடித்தான். மக்டலீன் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கள்ளன், அவளுடைய வீடு கிட்டக் கிட்டக் கால் பின்னுகிறது பார் என்று நினைத்தாள். மெசின் சத்தம் நின்றது. யோசப்பின் படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்து, மெத்தையைத் தட்டிப் போட்டாள்.

“மச்சான், இருங்கோ. இருந்திட்டுப் போங்கோ.”

கிறகோரி ஐஸ்பெட்டியைப் பார்த்தான். பெட்டி அவனுடைய முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. மற்றக் கையைத் தூக்கி, வேண்டாம் என்று ஆட்டினான். தலையையும் ஆட்டினான். நடந்தான். படலையைத் தாண்டினான்.

மக்டலீனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லக்கூடாது, அவ்வளவு சந்தோசம் கல்யாணத்தன்றுகூட அவளுக்கு வந்ததில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டான்! மெத்தை தைத்து வைத்தாளே, அதைத் திரும்பியும் பார்க்கவில்லை! யோசப்பின் வாயைத் திறந்தபடி படலையடியில் நிற்பதைக் கண்ணாரப் பார்த்தாள். சீலைத் தலைப்புக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு வாயில் இருக்கும்போதே கிறகோரி வீதியில் குந்திவிட்டான். விழவில்லை. அடுத்த வளவின் தொடக்கத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கையை ஊன்றி, மெல்ல மெல்ல நிலத்தில் இருந்தான். பிறகு சரிந்தான்.

யோசப்பின்தான் முதலில் ஓடினாள். மக்டலீன் போய்ச் சேரும்போது அவள் முழங்காலில் இருந்து, தன்னுடைய சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துத் திறந்துகொண்டிருந்தாள். மாதா படத்தடியில் இருக்கிற அதே மாதிரிப் போத்தல். அதில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. மக்டலீன் எங்கிருந்து வந்தாள் என்று அவள் கேட்கவில்லை.

“அக்கா, தலையைப் பிடியுங்கோ. மச்சான், நாக்கைத் தூக்குங்கோ.”

கிறகோரியின் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. வேர்வையில் புழுதி ஒட்டியிருந்தது. குளிசையை வைத்த வாயால் அவன் கதைக்க வெளிக்கிட்டான். யோசப்பின் கதைக்கவேண்டாம் என்றாள். அவன் மக்டலீனைத்தான் பார்த்தான்.

“மக்டா, நான் நிக்கேல்லை. தாண்டித்தான் இருந்தனான். பிரகாஸ் கடலிலை.”

மக்டலீன் அந்த இடத்திலேயே செத்துவிட்டாள் என்று சொன்னால் அது கூட்டிச் சொன்னது ஆகாது.

ஜெரிசனின் ஓட்டோவில்தான் கொண்டுபோனார்கள். அன்றைக்கு அவனுடைய வாய்க்குப் பூட்டு. ஒரு பக்கம் மக்டலீன், மறுபக்கம் யோசப்பின், நடுவில் கிறகோரி. அவனுடைய தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அந்த நேரத்திலும் மக்டலீனின் கண் பார்த்தது. தன்னுடைய பக்கம்தான் சாய்ந்தது. அதற்காக அவள் தன்னைத்தானே சபித்துக்கொண்டாள்.

அதே பெண் டொக்டர்தான் வந்தாள். மெசினில் வைத்துப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் வயர் விட்டுப் படம் பிடித்தார்கள். எல்லாம் முடிந்து அவனை வாட்டில் படுக்கவைத்தபிறகு, டொக்டர் வெளியே வந்து எவ்வளவு காலமாக நோ இருந்தது என்று கேட்டாள். மக்டலீன் ஒரு நோவும் இல்லை என்றாள். குளிசைப் போத்தல் அப்படியே நிறைய இருக்கிறது, நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன் என்றாள். பின்னாலே நின்ற யோசப்பின் தொண்டையைச் செருமினாள்.

“உயிர்த்த ஞாயிறுக்கு முதலே இருக்கு டொக்டர். காத்துக்கு எதிரா நடந்தால் வரும். இடது தோளிலை தொடங்கித் தாடைக்கு ஏறும். இருந்து குளிசை வைச்சால் இறங்கிப் போகும். போன கிழமையிலை இருந்துதான் கொஞ்சம் கூட.”

டொக்டர் அவள் சொன்னதையெல்லாம் எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்து, “நீங்கள்தான் அவரின்ரை பெண்சாதியோ?” என்று யோசப்பினைக் கேட்டாள்.

“ஐயோ இல்லை. இவதான்.”

டொக்டர் மக்டலீனின் பக்கம் திரும்பினாள். அந்தப் பெட்டை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

“பெரிய குழாயிலை இப்பவும் ஒரு பிழையும் இல்லை அம்மா. புதுசாக் கட்டியும் இல்லை, நீங்கள் குளிசையை ஒழுங்காக் குடுத்திருக்கிறீங்கள். இது சின்னக் குழாயளின்ரை நோ. சின்னக் குழாய் எண்டால் சின்ன வருத்தம் இல்லை. இருதயத்துக்குச் சாப்பாடு போறது அதுகளுக்குள்ளாலைதான். நோ வரேக்கை இருக்காமல் நடந்தால் அது பட்டினி கிடக்கும். இருக்க விட்டால் காணும், இவர் கன காலம் இருப்பார்.”

டொக்டர் போனபிறகு இரண்டு பெண்களும் நடைபாதையில் கிடந்த ஒரு வாங்கில் இருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் இருக்கக்கூடிய இடைவெளி. யோசப்பின்தான் கதைத்தாள். முதன்முதலில் ஒரு நாள் அவன் தன்னுடைய வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறாள். தன்னுடைய மனுசனும் சாவதற்கு முன்னர் அதே மாதிரித்தான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அப்போது வாய்வு என்று நினைத்து இஞ்சி இடித்துக் கொடுத்தாளாம். அதனால்தான் பின்வளவில் கிடந்த ஐஸ்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து போட்டாளாம். கிளினிக்கில் புதுப் போத்தல் கொடுத்தபோது கிறகோரி அதை அவளிடம் தந்து வைத்திருக்கச் சொன்னானாம்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று மக்டலீன் கேட்டாள்.

“அக்காவுக்குச் சொல்லுங்கோ, அக்காவுக்குச் சொல்லுங்கோ எண்டு ஒவ்வொரு நாளும் சொன்னனான். அவள் அழுவாள், வள்ளத்தை வித்துப்போட்டு என்னைக் கொக்குவிலிலை விட்டிடுவாள் எண்டார். சொன்னால் இனி உன்ரை வாசலிலையும் இருக்கமாட்டன் எண்டார். பிறகு எங்கை போய் இருப்பார் எண்டு நான் பேசாமல் விட்டிட்டன். அது என்ரை பிழைதான்.”

“வேறை என்ன கதைப்பார்?”

“என்னத்தைக் கதைக்கிறது அக்கா? மூச்சு எடுக்கவே நேரம் காணாது. கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். நான் தைச்சுக்கொண்டு இருப்பன். இறங்கினதும் ஒரு வாய் இஞ்சித் தேத்தண்ணி குடிச்சிட்டு எழும்பிப் போயிடுவார்.”

இதைக் கேட்டு ஒரு பெண்சாதிக்கு நெஞ்சு ஆற வேண்டும். களவு இல்லை, சல்லாபம் இல்லை, ஒரு சொல்கூட இல்லை. மக்டலீனுக்கு ஆறவில்லை. முந்தி எரிந்தது மேலால் எரிந்த எரிவு, இப்போதுதான் அடியில் பிடித்தது. சிரித்துக் கதைத்தான் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு இருந்தானாமே! தோளில் தொடங்கித் தாடைக்கு ஏறுகிறது என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறதே! குளிசை எடுத்துக் கொடுத்தது நான், உப்புக் குறைத்தது நான், பக்கத்தில் படுத்தது நான். சிரிப்பையெல்லாம் எனக்குத் தந்துவிட்டு நோவையெல்லாம் இவளிடம் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறான். அப்படிக் கொட்டவேண்டி வந்தது தன்னுடைய அழுகையால்தான் என்பதும் அவளுக்கு விளங்கியது. விளங்கினாலும் பொறாமை போகிறதா என்ன?

யோசப்பின் எழும்பும்போது போத்தலை எடுத்து நீட்டினாள். மக்டலீன் வாங்கி, கைக்குள் பொத்திக்கொண்டாள். நன்றி சொல்ல நினைத்தாள். வாங்கிய விதத்தைப் பார்த்தால் பறித்த மாதிரித்தான் இருந்தது.

குளிசையை மாற்றி, புதிதாக ஒன்று சேர்த்து, கிறகோரியை வீட்டுக்கு விட்டார்கள். மெதுவாக நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும், நெஞ்சு இறுகினால் இருக்க வேண்டும் என்று சொல்லி விட்டார்கள். கரைக்கும் போகலாம் என்றார்கள். வள்ளத்தை விற்கிற கதையை மக்டலீன் எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் போய், காற்றுச் சற்றுக் குறைந்த ஒரு காலையில் அவர்கள் இரண்டு பேரும் ஒழுங்கையில் இறங்கினார்கள். அவள் காற்று வருகிற பக்கம் முன்னுக்கு நடந்தாள். அவன் பின்னால் வந்தான். யோசப்பின் வீட்டு வேலி தொடங்கியதும் அவனுடைய நடை பிந்துவதை அவள் திரும்பிப் பார்க்காமலே அறிந்தாள். செருப்புச் சத்தம் சொல்லியது. ஐஸ்பெட்டி அதே இடத்தில்தான் கிடந்தது. மெத்தையும் கிடந்தது. உள்ளே மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

“இருங்கோ,” என்றாள்.

அவன் இருக்கவில்லை. படலையைப் பார்க்காமல் வீதியைப் பார்த்தான். “பிரகாஸ் கடலிலை,” என்றான்.

“சத்தியம் இல்லை இப்ப. நீங்கள் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை, வள்ளம் வந்தவுடனை போய் அணியத்திலை கைவைச்சனான். நான் கேட்டு வாங்கின சத்தியம், நானே திருப்பி எடுக்கிறன் எண்டு சொன்னனான். உங்கடை மகனைக் கேளுங்கோ. அம்மாக்கு விசர் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டவன்.”

கிறகோரி அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு பெட்டியில் இருந்தான். மக்டலீன் அவனைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் பக்கத்தில் தானும் இருந்தாள். இரண்டு பேருக்கு அந்தப் பெட்டி காணாது. அவளுக்குப் பாதி மெத்தையும் பாதி வெடிப்புமாக வந்தது. வெடித்த விளிம்பு தொடையில் குத்தியது. அவள் அசையவில்லை.

“நோகுதோ?”

அவன் பழக்கத்தில் சிரித்தான். “இல்லை. ஒண்டுமில்லை.”

“சிரிக்காதைங்கோ. சிரிப்பை வேணுமெண்டால் அவளுக்குக் குடுங்கோ. நோவை எனக்குத் தாங்கோ.”

சிரிப்பு அவனுடைய முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. கண்ணை மூடினான். அவளுடைய கையை எடுத்து, நண்டு ஓடு கிழித்து வடு விழுந்த அந்தக் கையை, தன்னுடைய தோளில் வைத்து, அங்கிருந்து கழுத்தால் தாடை வரைக்கும் கொண்டுபோனான்.

“ஓம். இப்ப நோகுது. இதாலைதான் ஏறுது.”

அவள் சட்டைக்குள்ளிருந்து போத்தலை எடுத்துத் திறந்தாள். அழுகை வந்தது, அழவில்லை. குளிசையை அவனுடைய நாக்குக்குக் கீழே வைத்துவிட்டு, தாடையில் வைத்த கையை எடுக்காமல் இருந்தாள். அப்போதுதான் கவனித்தாள், உள்ளே மெசின் சத்தம் நின்றிருந்தது. கேட்கட்டும் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் அவன் பக்கமாகத் தள்ளி இருந்துகொண்டு, யன்னலுக்குக் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தி, “இன்னும் நோகுதோ?” என்று கேட்டாள்.